சனிக்குக் கிடைத்த சிமெந்து

எங்கள் தோட்டத்தில் சனி பகவானுக்கு ஒரு வீடு இருக்கிறது. நல்ல வீடு. கொங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பின்னால் மண் சரிந்து வராமல் இருக்கக் கருங்கல்லும் சிமெந்துமாக ஆளுயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். மழைக்காலத்தில் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன். சொட்டு ஈரம் கசிந்திருக்காது. தோட்டக் கம்பனி கட்டிக் கொடுத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மேட்டுக்கும் இப்படி ஒரு சுவர் வேண்டும் என்று நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போன காலத்தில் அதே கம்பனியிடம் ஒரு மூட்டை சிமெந்து இருக்கவில்லை. சனிக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் தோட்டத்தில் என்னைக் கைகாட்டுவார்கள். என்னையும் என் தொலைநோக்கியையும்.

தோட்டம் கஹவத்தைக்கு மேலே இருக்கிறது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் ரப்பர். எங்கள் தோட்டம் என்று சொல்கிறேனே தவிர, எங்களுடையது என்று சொல்ல அதில் ஒரு பிடி மண் கிடையாது. நாங்கள் குடியிருக்கும் லயத்து அறையான காம்பராவும் அப்படித்தான். வீட்டில் யாராவது ஒருவருடைய பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இருக்க வேண்டும். பெயர் போனால் காம்பராவும் போகும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். எங்கள் காம்பரா மச்சானுடைய பெயரில் நின்றது. மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். ரப்பரில் பால் வெட்டுகிறவர். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து கொழுந்து எடுக்க முடியாமல் போனதும் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். நான் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அக்கா ஒருத்திதான். அவள் காம்பராவின் முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து எனக்கு ஒரு படுக்கை போட்டுக் கொடுத்திருந்தாள்.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் கம்பியூட்டரில் வானத்தைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தொடக்கத்தில் பொழுதுபோக்கு, பிறகு பைத்தியம். ஆட்கள் தங்கியிருக்கும் விண்வெளி நிலையம் எங்கள் தோட்டத்துக்கு மேலே எத்தனை மணிக்குக் கடக்கும் என்று ஃபோன் சொல்லும். அந்த நிமிஷத்தில் தேயிலை மலைக்கு மேலே ஒரு வெளிச்சப் புள்ளி வரும், கண் சிமிட்டாமல் போகும். எங்கள் தோட்டத்து பஸ் இன்று வருமா வராதா என்று சொல்ல இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. அந்தரத்தில் பறக்கிறவர்களுக்கு மட்டும் நேரம் தவறுவதில்லை.

கலியாணமாகாத ஒருத்தி பொழுது சாய்ந்ததும் வெளியே நின்று வானத்தைப் பார்த்தால் லயத்துக்குக் கேட்கவா வேண்டும். "மாப்பிள்ளை ராக்கெட்டுல வாறாராம்ல?" என்பார்கள். "ஆமா, சீர்வரிசையோட வாறாரு, வழி விடுங்க" என்பேன். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

தொலைநோக்கி வந்தது இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்யும் ஒரு சிங்கள மஹத்தயாவிடமிருந்து. காணி உறுதி ஒன்றைப் பிரதியெடுக்க எங்கள் கடைக்கு வந்தவர், என் கம்பியூட்டரில் வியாழன் கிரகத்தைப் பார்த்துவிட்டு, மகனுக்கு வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி ஒன்று வீட்டில் தூசி பிடித்துக் கிடப்பதாகச் சொன்னார். எனக்குத் தருவீர்களா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நங்கி, மேக்கென் மெனிக் பேன்னே நே" என்று சிரித்தார். இதில் இரத்தினக்கல் தெரியாது தங்கச்சி என்கிறார். இரத்தினபுரிக்காரருக்கு வேறு என்ன தோன்றும். ஆனாலும் நான் கேட்ட விலைக்குக் கொடுத்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அக்கா அதை வாசலில் நிறுத்தித் திருஷ்டி சுற்றித்தான் உள்ளே விட்டாள். "இதுக்கு சோறு போடணுமா?" என்று மச்சான் கேட்டார்.

இந்தியா நிலாவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு கலத்தை இறக்கிய வருஷம் அது. இறங்கிய சாயங்காலம் எங்கள் லயத்தில் ஒரு ஃபோனை அரிசி டின்னில் சாத்தி வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். இறங்கியதும் கைதட்டல். பாட்டன் காலத்தில் எங்கள் ஆட்களைத் தோட்ட வேலைக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காத நாடு, நிலாவுக்குக் கலம் அனுப்பினால் மட்டும் நாம் கைதட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியதும் நான்தான். அப்போதுதான் யாரோ, "அந்த நெலாவ ஒன் கொழாயில காட்டேன்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு லீவு. அதனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னேன். அது சனிக்கிழமை என்பதைப் பிறகு எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிக் காட்டினார்கள். எனக்கு அது சம்பளம் வெட்டாத ஒரு சாயங்காலம், அவ்வளவுதான்.

லயத்துக்கு எதிர்ச்சரிவில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கொஞ்சம் சமதரை உண்டு. அங்கே மூன்று காலையும் ஊன்றி நிலாவைக் காட்டினேன். வரிசையில் நின்று பார்த்தார்கள். குழியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இந்தியக் கலம் தெரியவில்லையே என்று குறைப்பட்டார்கள். அதற்குள் கிழக்கில், ரப்பர் மலைக்கு மேலே மஞ்சளாக ஒன்று ஏறி வந்தது. நான் குழாயைத் திருப்பினேன். வளையம் கண்ணில் பட்டது. "வாங்க, வந்து பாருங்க, சனி" என்றேன்.

வரிசை கலைந்துவிட்டது. காறித் துப்பியது போல ஒரே நொடியில்.

எங்கள் ஆட்கள் சனியை நேருக்கு நேராக நின்று கும்பிட மாட்டார்கள். பக்கவாட்டில் நிற்பார்கள், தலையைக் குனிந்திருப்பார்கள். அவருடைய பார்வை நேராக விழுந்தால் குடும்பம் தாங்காது என்பது நம்பிக்கை. மாரியம்மன் கோயில் மூலையில், ஒரு தகரத்துக்குக் கீழே கறுப்புக் கல் ஒன்று இருந்தது. அதுதான் அப்போது எங்கள் சனி. அன்றைக்கும் அக்கா அங்கே எள் தீபம் ஏற்றிவிட்டு, ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். மச்சானுக்குக் கும்ப ராசி. ஏழரைச் சனியில் ஜென்மச் சனி நடந்துகொண்டிருந்தது. வானத்திலும் அப்போது சனி கும்பத்தில்தான் நின்றது. இந்த ஒரு விஷயத்தில் ஃபோனும் பஞ்சாங்கமும் ஒத்துப்போயின.

எல்லாரும் பின்வாங்கி நின்றபோது எனக்கு முகம் சுண்டிப்போனது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்தங்கச்சி காட்டுறத நான் பாக்காம வேற யாருடி பாப்பா? தள்ளு."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் எழவில்லை.

"ஐயோ, தோடு மாதிரியில்ல இருக்கு" என்றாள். பிறகு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்து, "இம்புட்டு அழகா இருக்கிறவனுக்கா இத்தன காலமா பயந்துக்கிட்டு கெடந்தீங்க?" என்றாள்.

சனியைப் பல வருஷம் சுற்றிவிட்டு அதற்குள்ளேயே விழுந்து எரிந்துபோன விண்கலத்தைப் பற்றி அன்று இரவுச் சோற்றின்போது அவளுக்குச் சொன்னேன். எரிபொருள் தீரப்போகும் நேரத்தில் அதை அப்படியே மிதக்க விடவில்லை. சனியின் ஒரு நிலாவுக்குள்ளே தண்ணீர் இருக்கிறது, அதில் ஏதாவது உயிர் இருந்தாலும் இருக்கலாம், அதற்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று கலத்தையே சனிக்குள் தள்ளி அழித்தார்கள். "பாவம், அம்புட்டு தூரம் போயி சனிகிட்ட மாட்டிக்கிச்சா" என்றாள் அக்கா. மச்சான் புரையேறும் வரை சிரித்தார். அந்தக் காம்பராவில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நினைவிருக்கும் கடைசிச் சிரிப்பு அதுதான்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க பீலிக்கரையிலிருந்து எங்கள் லயத்துப் பக்கம் குழாயைத் திருப்பினேன். என்னுடைய தொலைநோக்கியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வானத்துக்கு மேலென்ன கீழென்ன, அதனால் அது குறையில்லை. லயம் தலைகீழாகத் தொங்கியது, அதற்குப் பின்னால் மேடு தொங்கியது. மேட்டு உச்சியில் ஒரு கித்துள் மரம் உண்டு. சின்ன வயதிலிருந்து அது நேராக நின்றுதான் பார்த்திருக்கிறேன். இப்போது அது லயத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. அடியில் புல்லைக் கிழித்துக்கொண்டு குறுக்கே ஒரு கோடு. வெறும் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. பக்கத்தில் ஏறிப் போய்ப் பார்த்தேன். கை உள்ளே போனது.

முதலில் தோட்டத் தலைவரிடம் சொன்னேன். சங்கத்துக்காரர், எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்தில் இருப்பவர். "மழ வரட்டும் பாப்போம்" என்றார். மழை வந்த பிறகு பார்க்க என்ன இருக்கும் என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வெளிக்கள உத்தியோகத்தரான கண்டாக்கையாவிடம் போனேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "அந்தக் கொழாயில எல்லாம் தலைகீழாத்தானே தெரியும்? அப்ப மேடு மேல போகுதுன்னு அர்த்தம். பயப்படாத." எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும்தான். சுவர் கட்டத் தோட்டத்தில் சிமெந்து இல்லை என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசி மழையில் மேடு இறங்கியது. காலையில் ரப்பருக்குப் போக முடியாமல் மழை பிடித்துக்கொண்டதால் மச்சான் வீட்டில் இருந்தார். பின்பக்கத்து அடுப்படியில் தேத்தண்ணீருக்குக் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தார். அக்கா முன்பக்கத்தில் என் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், நான் குடையை விரித்து வாசலில் இறங்கிக்கொண்டிருந்தேன். இடி என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது எங்கள் காம்பராவின் பின்பாதி இல்லை. கித்துள் மரம் அடுப்படிக்குள் வந்து படுத்திருந்தது. மச்சானைக் கையால் தோண்டி எடுத்தோம். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

ரப்பர் மலையில் ஏறி இறங்கிப் பால் வெட்டுகிறவருக்கு ஒரு கால் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் பெயர் போகும். பிறகு காம்பரா. ஆனால் ஸ்கூலில் தங்க வைத்திருந்த எங்களைப் பார்க்க வந்த யாரும் அதைப் பேசவில்லை. சனியைத்தான் பேசினார்கள். சனிக்கிழமை, ஜென்மச் சனி, நேருக்கு நேர் பார்வை என்று. எல்லாரும் அன்றைக்கு ஒதுங்கிக்கொண்டது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். மேட்டில் வெடிப்பு இருக்கிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தியதை நினைவு வைத்திருந்த ஒருவரும் அங்கே இல்லை. மச்சான் மட்டும் கட்டிலில் கிடந்தபடி, "பாத்தது அவ, அடி எனக்கா? சனிக்கு ஆள் அடையாளம் தெரியாதா?" என்றார். அவருக்கு வலியிலும் வாய் சும்மா இருக்காது. அதற்கும் யாரும் சிரிக்கவில்லை.

விசாரணை என்று தோட்டத்து ஒபிசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்ட மேனேஜரான பெரிய தொரை மேசைக்குப் பின்னால். கண்டாக்கையா ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம். அக்காவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். பெரிய தொரை சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். மண் இறங்கும் என்று முன்கூட்டியே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். தெரியும், நான் பார்த்தேன், கண்டாக்கையாவிடம் சொன்னேன், பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன் என்றேன். கண்டாக்கையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். பெரிய தொரையின் முகம் இறுகியது. அந்த நிமிஷத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அதெல்லாம் இல்லீங்க தொரை. இவ சின்னப் புள்ள, வாய்க்கு வந்ததப் பேசுவா. எங்க வீட்டுக்காரருக்கு ஜென்மச் சனி நடக்குது. இவ அந்த சனிக்கெழம சனியப் புடிச்சுக் காட்டுனா. நான் புத்தியில்லாம நேருக்கு நேரா பாத்துப்புட்டேன். அதான் வந்துச்சு. மண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

பெரிய தொரை நாற்காலியில் சாய்ந்தார். உடம்பு முழுக்க இளகியது எனக்குத் தெரிந்தது. "அபல காலே" என்றார் சிங்களத்தில். பிறகு தமிழில், "கெட்ட காலம். எங்க ஆளுங்களும் நம்புவோம். கிரகம் சரியில்லன்னா யாரு என்ன செய்ய முடியும்?" என்றார். தலைவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் சனி பகவான் ஒரு துண்டுத் தகரத்துக்குக் கீழே நனைந்துகொண்டிருப்பதாகவும், தோட்டத்தில் வரும் கெடுதலுக்கெல்லாம் அதுதான் மூலம் என்றும், கம்பனி மனசு வைத்தால் ஒரு சன்னதி எழுப்பலாம் என்றும் சொன்னார். பெரிய தொரை உடனே சம்மதித்தார். அவரிடம் நான் அப்படி ஒரு வேகத்தை அதற்கு முன்பு கண்டதில்லை. போகிறபோது அக்காவைக் கூப்பிட்டு, தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது, நாளைக்கே வா என்றார். அவள் பெயர் மறுபடியும் செக்ரோலில் ஏறியது.

சிமெந்து இரண்டு லொறியில் வந்தது. கருங்கல்லும் வந்தது. கோயிலுக்குப் பின்னால் மேடு என்று சொல்ல இடுப்பளவு மண்கூட இல்லை, அதற்கும் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். எங்கள் காம்பராவின் பின்பாதிக்குப் பலகையும் தகரமும் கொடுத்தார்கள். மிச்சமிருந்த மேடு அப்படியே நின்றது. கும்பாபிஷேகத்துக்குப் பெரிய தொரை மாலை போட்டுக்கொண்டு வந்தார். ஒலிபெருக்கியில் அவருக்கு நன்றி சொன்னார்கள். உயிர் இருக்கிறதா என்றே தெரியாத ஒரு நிலாவுக்குக் கெடுதல் வரக் கூடாது என்று பெரிய விண்கலத்தை அழித்தவர்களை அன்றைக்கு நினைத்தேன். அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு அத்தனை அக்கறை. எங்களுக்குப் பத்தடி பின்னால் நிற்கும் மண்ணைப் பார்க்க ஆள் இல்லை. அழுகையாக வந்தது. பக்தி என்று நினைத்து ஒருத்தி என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

தோட்டத்தில் அது இனி இருக்கக் கூடாது என்று தலைவர் சொன்னதால் தொலைநோக்கியைக் கடைக்குக் கொண்டுபோய் கடுதாசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். ஆனால் எனக்கு வலித்தது அதுவல்ல. அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே காம்பரா. ஒரே அடுப்பு. என் சோற்றை மூடி வைப்பாள், என் துணியையும் சேர்த்துத் துவைப்பாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்து வைப்பாள். பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை மச்சானிடம் சொல்வாள், மச்சான் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொல்வார். "தபால்காரன் வேலையாவது கெடச்சிச்சே" என்பார். அவள் என்னைப் பார்க்கும்போதுகூட ஒதுங்கித்தான் பார்த்தாள், பக்கவாட்டில், சனியைப் பார்ப்பது போல. இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. அவளை நான் மன்னிக்கவில்லை. வேறு இடத்துக்கும் போகவில்லை. போக எனக்கு இடம் எங்கே இருந்தது?

போன வருஷக் கடைசியில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டில் எத்தனையோ மலைகள் இறங்கின, எத்தனையோ லயங்கள் போயின. எங்கள் மேடு நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. மழை விட்டதும் தொலைநோக்கியைக் கடையிலிருந்து திரும்பக் கொண்டு வந்தேன். தலைவரைக் கேட்கவில்லை. வானத்துக்காகக் கொண்டு வரவுமில்லை. வேலை விட்டு வந்ததும் இருட்டுவதற்கு முன்னால் பீலிக்கரையில் ஊன்றி, மேட்டைத்தான் பார்ப்பேன். வெடிப்பு நீண்டிருக்கிறதா, புதிதாக ஏதாவது மரம் சாய்கிறதா என்று. வியாழனையும் சனியையும் பார்க்க ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது அதில் சேற்றைப் பார்க்கிறேன்.

தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் இலை கொட்டத் தொடங்கி, அந்தப் பக்கத்து வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது. அக்கா குடத்தோடு பீலிக்கு வந்தாள். குடத்தை வைத்துவிட்டு நின்றாள். வழக்கம்போலப் போய்விடுவாள் என்று நான் திரும்பவில்லை.

"என்னாடி தெரியுது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விலகி நின்றேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"தலகீழா தெரியுது. கோடு பெருசாயிருச்சோ?"

"ஆமா. மழைக்குப் பொறகு பெருசாயிருச்சு."

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்காமலே சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டி. சனியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மண்ணுதான் வந்துச்சு. நீ சொன்னதுதான் வந்துச்சு."

"தெரிஞ்சா ஏன்க்கா அப்பிடிச் சொன்னே?" என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வெளியே வந்தது.

"அவரு பேரு போகப் போகுது. ஒபிசுல நின்னுக்கிட்டு தொரை மேல குத்தம்னு நீ சொல்லுறே. மறுநாளே காம்பராவக் காலி பண்ணுன்னு சொல்லியிருப்பாங்க. ஒத்தக் காலு ஆள இழுத்துக்கிட்டு நான் எங்கடி போறது? பழிய யாரு மேலயாவது போடணும். தொரை மேல போட முடியுமா? தலைவர் மேல போட முடியுமா?" நிமிர்ந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள். "ஒன் மேல போட்டா நீ என்னைய விட்டு எங்கயும் போயிர மாட்டே."

"அப்ப ஏன் பேசாம இருந்தே?"

"பேசுனா நம்புவாங்களா? ஒன்னோட சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தா, சனின்னு சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிராது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. உருகிப் போகவில்லை. இரண்டு வருஷமாக ஒரு கிரகத்தின் மேலும் ஒரு கறுப்புக் கல்லின் மேலும் அவளுடைய மூடநம்பிக்கையின் மேலும் நான் வைத்திருந்த ஆத்திரமெல்லாம் அப்படியே கையில் கிடந்தது, போடுவதற்கு இடமில்லாமல். அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவள் குடத்தை எடுத்துப் பீலிக்குக் கீழே வைத்தாள். தண்ணீர் நிறையும் வரை நின்றோம்.

பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. மேடு கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்கில், தேயிலை மலைக்கு மேலே சனி இருந்தது.

"அவனையும் காட்டு" என்றாள்.

திருப்பிக் காட்டினேன். நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"என்னாடி, அன்னிக்குப் பாத்த தோடு எங்க? ஒரு குச்சி குத்துன மாதிரியில்ல இருக்கு."

"வளையம் இருக்குக்கா. இப்ப நமக்கு வெளிம்புதான் தெரியுது. வருசா வருசம் கொஞ்சங் கொஞ்சமா விரியும். இன்னும் நாலஞ்சு வருசத்துல மொதல்ல பாத்தியே, அதவிட அழகா தெரியும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவள் நிமிர்ந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இருட்டுக்குள், எங்கள் லயம் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அது வரைக்கும் இந்த மேடு நிக்குமாடி?"

நான் தொலைநோக்கியின் மூடியைப் போட்டேன். மூன்று காலையும் மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன். அந்த மேட்டுக்குக் கீழேதான் எங்கள் சோறு இருந்தது.